இட்லித் தட்டு போதவில்லை

கேள்வி: பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஜாவா என்ற புரோகிராமிங் மொழி எடுக்கிறேன். கிளாஸ் என்பது இட்லித் தட்டு, ஆப்ஜெக்ட் என்பது இட்லி என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். புரோகிராம் எழுதச் சொன்னால் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள மென்பொருள் ஏதாவது உண்டா?
– விரிவுரையாளர், திண்டுக்கல்

பதில்: உண்டு, ப்ளூஜே. மைக்கேல் கோலிங்கும் ஜான் ரோசன்பெர்க்கும் 1999-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகவே தொடங்கியது. இலவசம்தான்.

இட்லி உவமையில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா இட்லியும் ஒரே மாதிரி இருக்கும், வெந்த பிறகு மாறுவதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்குள்ளும் தனித்தனி மதிப்பு இருக்கிறது, அது மாறிக்கொண்டும் இருக்கிறது. பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

அதனால் வங்கிக் கணக்கு என்று ஒரு கிளாஸ் எழுதிக் கொடுங்கள். ப்ளூஜேயில் அது ஒரு பெட்டியாகத் தெரியும். கம்பைல் செய்து (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி), ரைட் கிளிக் செய்து, நியூ கொடுத்தால் கீழே சிவப்பாக ஓர் ஆப்ஜெக்ட் வந்து உட்காரும், இன்னொரு முறை கொடுத்தால் இன்னொன்று. இரண்டுக்கும், உள்ளே இருக்கும் மதிப்பைக் காட்டும் இன்ஸ்பெக்ட் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றில் மட்டும் 500 ரூபாய் போடச் சொல்லுங்கள். அதன் இருப்பு மட்டும் ஏறும், மற்றது அப்படியே நிற்கும். புரோகிராம் தொடங்கும் இடமான மெயின் மெத்தடே தேவையில்லை, அதன் தலைப்பில் வரும் 'பப்ளிக் ஸ்டேடிக் வாய்டு' என்று முதல் நாளே மிரட்டவும் வேண்டாம். என்னைக் கேட்டால் முதல் இரண்டு வாரம் இது மட்டும் போதும்.

அப்புறம் ரெஃபரன்ஸ், அதாவது ஒரு வேரியபிள் (புரோகிராமில் நாம் வைக்கும் பெயர்) ஓர் ஆப்ஜெக்ட்டைச் சுட்டுவது. இதற்கு ஃபிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் நல்லது. பெயர் அப்படி இருந்தாலும் ஜாவாவும் ஓடும், பிரவுசர் இருந்தால் போதும். ஒவ்வொரு வரியாக நகர்த்தினால் எந்த வேரியபிள் எந்த ஆப்ஜெக்ட்டைக் காட்டுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். a ஒரு வங்கிக் கணக்கைக் காட்டும்போது b = a என்று எழுதி, b-யில் 500 போட்டால் a-யின் இருப்பும் ஏன் மாறுகிறது என்பதை நீங்கள் அரை மணி நேரம் கரும்பலகையில் விளக்குவதைவிட, ஒரே பெட்டியை நோக்கிப் போகும் அந்த இரண்டு அம்புகள் சீக்கிரம் சொல்லிவிடும்.

ஒன்றே ஒன்று, நீங்களே புரொஜெக்டரில் ஓட்டிக் காட்டிவிடாதீர்கள். படம் நகர்வதை வேடிக்கை பார்த்தால் புரிந்த மாதிரியே இருக்கும், தேர்வில் கைகொடுக்காது. அடுத்த வரிக்குப் போகும் முன், இப்போது எந்த ஆப்ஜெக்ட்டில் எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பிறகு பொத்தானை அவர்களே அழுத்தட்டும்.