கர்ப்பகால ரத்தசோகையும் சாப்பாடும்: கேள்வி பதில்

கே: ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 10.2. தினமும் இரும்பு மாத்திரை போட்டும் ஏறவில்லையே?

ப: எதோடு போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். டீ, காபியில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குடலால் உறிஞ்ச முடியாது. பால், கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்து இவையும் தடைதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரோடோ எலுமிச்சைச் சாறோடோ போடுங்கள். அதன்பின் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். கால்சியத்தை வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

அட்டையையும் படியுங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 300 மி.கி. என்றால் அதிலுள்ள இரும்பு 60 மி.கி.தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தினசரி 30 முதல் 60 மி.கி. இரும்பு, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்பது தடுப்பு அளவு. உங்களுக்கு ஏற்கெனவே குறைந்துவிட்டது. மருத்துவர் கூட்டித் தரலாம், நீங்களாகக் கூட்டாதீர்கள். ஒழுங்காகப் போட்டும் நான்கு வாரத்தில் ஏறாவிட்டால் பி12 வைட்டமின் குறைபாடு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய், குடல்புழு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கே: மலம் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடவா?

ப: வேண்டாம். உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. தார் போலப் பிசுபிசுத்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். குமட்டினால் படுக்கப்போகும்போது போடுங்கள்.

கே: பீட்ரூட் ஜூஸ் ரத்தம் ஊறவைக்குமா?

ப: அந்தச் சிவப்பு வெறும் நிறமி. 100 கிராமில் இரும்பு 1 மி.கி.கூட இல்லை.

கே: இதை ஏற்க மாட்டேன். என் அக்காவுக்கு பீட்ரூட்டால்தான் ஏறியது.

ப: அக்கா கூடவே மாத்திரையும் போட்டாரா என்று கேளுங்கள். கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1000 மி.கி. இரும்பு வேண்டும், அதில் பெரும்பகுதி பின்பாதியில். ஜூஸ் அதை எப்படி ஈடுகட்டும்? பீட்ரூட்டில் ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

கே: மாதுளை?

ப: பீட்ரூட்டைவிடக் குறைவு.

கே: நாங்கள் சைவம்.

ப: தாவர இரும்பு உடலில் சேர்வது குறைவு. பயறை ஊறவைத்து முளைகட்டுங்கள்; இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும். அதே வேளையில் கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிடுங்கள். உணவோடு டீ கூடாது. பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: ஈரல் சாப்பிடலாமா?

ப: கர்ப்பத்தில் வேண்டாம். அதிலுள்ள மிகையான வைட்டமின் ஏ சிசுவைப் பாதிக்கும். நன்றாக வெந்த இறைச்சி போதும்.

கே: மாத்திரையைப் பாலோடு போடலாமா?

ப: முதல் பதிலிலேயே இருக்கிறது. கேட்பதற்குமுன் தயவுசெய்து மேலே படியுங்கள்.

கே: பிரசவமானதும் நிறுத்தலாமா?

ப: கூடாது. பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும். 6 முதல் 12 வாரம் தொடருங்கள்.