விற்கும் முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த செலவு வரிக்கணக்கில் எங்கே போகும்?

கேள்வி: நங்கநல்லூரில் எங்களுக்கு 1,000 சதுர அடி ஃபிளாட் இருக்கிறது. 2008-09-இல் பத்திரச் செலவையும் சேர்த்து 28 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். 2015-16-இல் 2.54 லட்சத்துக்கு மாடுலர் கிச்சனும் சுவரில் பதித்த அலமாரிகளும் போட்டோம். இதுவரை நாங்கள்தான் குடியிருந்தோம். மார்ச் 2026-க்குள் 1.05 கோடிக்கு விற்றுவிட நினைக்கிறோம். வீட்டை எடுப்பாகக் காட்டினால் பேரம் குறையும் என்கிறார் புரோக்கர். பெயிண்ட் 1,10,000, பாத்ரூம் நீர்க்கசிவு வேலை 70,000, இரண்டு மாதத்துக்கு சோபா, கட்டில் வாடகை 40,000, போட்டோ, வீடியோ 12,000, முழு வீட்டையும் கழுவித் துடைக்க 8,000 என்று 2.4 லட்சத்துக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவில் இதற்கு ஹோம் ஸ்டேஜிங் என்று பெயராம், வரியில் கழித்துக்கொள்வார்களாம், மகன் சொல்கிறான். இங்கே கழியுமா? எனக்கு வயது 66, ஓய்வு பெற்றவன்.

பதில்: மகன் சொல்வது சரிதான், ஆனால் பாதிதான். அமெரிக்காவில் விற்பனைக்காக வீட்டை அலங்கரிக்கும் செலவை விற்பனைச் செலவாகக் கழிப்பது வழக்கம். அதே நாட்டில், விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டாவது சொந்தமாக வைத்துக் குடியிருந்த வீடாக இருந்தால், தனிநபருக்கு 2,50,000 டாலர் வரையிலும், கூட்டாகக் கணக்குக் காட்டும் தம்பதிக்கு 5,00,000 டாலர் வரையிலும் ஆதாயத்துக்கு வரியே கிடையாது. வரியே இல்லாதவருக்குக் கழிவு எதற்கு? நம் சட்டம் வேறு மாதிரி. இங்கே ஸ்டேஜிங் என்று ஓர் இனமே கிடையாது. உங்கள் 2.4 லட்சத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

வருமான வரிச் சட்டம் 1961-இன் 48-வது பிரிவு விற்ற விலையிலிருந்து மூன்றை மட்டும் கழிக்க விடுகிறது. முதலாவது, கைமாற்றத்தோடு முழுக்க முழுக்கத் தொடர்புடைய செலவு. இரண்டாவது, வாங்கிய விலை. மூன்றாவது, மேம்பாட்டுச் செலவு. இந்த மூன்றிலும் இடம் இல்லாதது உங்கள் கைக்காசு, அவ்வளவுதான்.

முதல் பெட்டியில் சண்டையில்லாமல் உட்காருபவை: புரோக்கர் கமிஷன், விளம்பரம், வில்லங்கச் சான்றுக்கும் ஒப்பந்தம் எழுதுவதற்கும் ஆன செலவு, வழக்கறிஞர் கட்டணம். விற்பனை விளம்பரத்துக்கென்றே எடுத்த போட்டோ, வீடியோ 12,000-ஐயும் இதே வரிசையில் தைரியமாக வைக்கலாம். இணையத்தில் வீடு விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் சேருங்கள்.

வாடகை சோபா நடுவில் நிற்கிறது. விற்பனைக்காக மட்டுமே, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த வீட்டு முகவரிக்கு வந்தது என்று பில்லிலேயே தெரிந்தால் வாதாட இடம் உண்டு. நீங்கள் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியிலேயே வாதம் சரியும். வீடு காலியான பிறகு கொண்டுவந்து, விற்பனை முடிந்ததும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வாடகைக்குப் பதில் புதிதாக வாங்கினால் பேச்சே இல்லை. பொருள் உங்களிடம் தங்கிவிடுகிறது, விற்பனைச் செலவு ஆகாது.

இப்போது பெயிண்ட். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மேம்பாடு என்றால் சொத்தில் கூடுதலோ மாற்றமோ செய்த மூலதனச் செலவு என்கிறது 55-வது பிரிவு. ஏற்கெனவே இருக்கும் சுவருக்கு மறுபடி வண்ணம் பூசுவது பராமரிப்பு. கூடுதலும் அல்ல, மாற்றமும் அல்ல. அப்படியானால் கைமாற்றச் செலவா? பெயிண்ட் அடிக்காமலும் பத்திரம் பதியலாமே என்று மறுப்பார்கள். கைமாற்றத்தோடு தொடர்புடைய செலவு என்ற சொற்றொடர் அகலமானது என்று மும்பை உயர் நீதிமன்றம் 1991-இல் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் அந்த வழக்கில் இருந்தது, முன்பு ஒப்பந்தம் போட்டவருக்குப் பணம் கொடுத்து விலக்கி விற்பனைக்கு வழி திறந்த செலவு. அதைக் கொடுக்காமல் விற்பனை நடந்திருக்காது. பெயிண்டுக்கு அந்த வலு இல்லை. கழுவித் துடைத்த 8,000-க்கும் இதே கதிதான். இரண்டையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது என் யோசனை.

நீர்க்கசிவு வேலைக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது, அதுவும் வரிசையைப் பொறுத்தது. வாங்குபவர் கிடைத்து, 'இன்ன பாத்ரூமில் கசிவை விற்பவர் தம் செலவில் சரிசெய்து கொடுத்த பிறகே மீதித் தொகையும் பதிவும்' என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஷரத்து வந்து, அதன் பிறகு வேலை செய்து பில் வாங்கினால், அது விற்பனையின் நிபந்தனையாகிவிடுகிறது. வாதம் வலுவாகும், அதற்காக உறுதி என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டியே செய்துவிட்டு ஒப்பந்தத்தில் பின்தேதியிட்டு எழுதாதீர்கள். பில் தேதியே காட்டிக்கொடுக்கும். பழைய டைலை எல்லாம் பெயர்த்து, நீர்க்காப்புப் பூச்சு கொடுத்து, புதிய தரையும் குழாய்களுமாக முழு பாத்ரூமையும் மாற்றினால் அது மேம்பாட்டுப் பெட்டிக்கு நெருங்கும். 70,000 ரூபாய்க்கு அவ்வளவு வேலை நடக்கிறதா என்பதை எஸ்டிமேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரூபாய்க் கணக்கு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால ஆதாயம். 23-7-2024-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்து கூட்டுக் குடும்பமும் இரண்டு கணக்கில் எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம்: பணவீக்கக் குறியீடு (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிட அரசு ஆண்டுதோறும் தரும் எண்) இல்லாமல் 12.5%, அல்லது குறியீட்டோடு 20%. செலவை விற்ற ஆண்டின் எண்ணால் பெருக்கி, செலவு செய்த ஆண்டின் எண்ணால் வகுக்க வேண்டும். 2008-09-க்குக் குறியீடு 137, 2015-16-க்கு 254, 2025-26-க்கு 376. புரோக்கர் கமிஷன் 1% என்று 1.05 லட்சம் வைத்துக்கொள்வோம்.

குறியீடு இல்லாமல்: 105-இல் 1.05, 28, 2.54 கழித்தால் 73.41 லட்சம். அதற்கு 12.5% என்றால் 9.18 லட்சம். குறியீட்டோடு: 28 லட்சம் 76.85 லட்சமாகிறது, கிச்சன் 3.76 லட்சமாகிறது. மிச்ச ஆதாயம் 23.34 லட்சம், அதற்கு 20% என்றால் 4.67 லட்சம். இரண்டுக்கும் மேல் 4% செஸ், அதாவது வரித்தொகை மேல் போடும் கூடுதல் வரி, உண்டு. உங்களுக்கு இரண்டாவது வழிதான்.

புரோக்கர் சொன்ன 2.4 லட்சமும் அப்படியே ஏற்கப்பட்டதாக ஒரு பேச்சுக்கு வைத்தாலும் மிச்சமாகும் வரி செஸ்ஸோடு 49,920 ரூபாய். விற்கும் ஆண்டிலேயே செய்த செலவு என்பதால் குறியீடு அதை வளர்க்காது. போட்டோவும் வாடகைச் சோபாவும் மட்டும் ஏற்கப்பட்டால் மிச்சம் 10,816 ரூபாய். இதோடு அந்தக் கிச்சன் பில்லை ஒப்பிடுங்கள். 2.54 லட்சம் 3.76 லட்சமாகக் கழிகிறது. அது ஒன்றே 78,208 ரூபாய் வரியைக் குறைக்கிறது. பெயிண்ட்காரரிடம் பில் கேட்டு அலைவதைவிடப் பரணில் அந்தப் பழைய கோப்பைத் தேடுவதுதான் லாபம். பில் கிடைக்கவில்லையென்றால் அந்த ஆண்டு வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்தவரின் கையெழுத்திட்ட கடிதம், கடன் வாங்கிச் செய்திருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் எல்லாம் துணைநிற்கும். பால்கனி கிரில், தரை மாற்றம் போன்றவையும் நினைவுக்கு வருகின்றனவா என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் ஆண்டு நினைவிருக்கும்.

சேர்க்கக் கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்ட தொகை கைமாற்றச் செலவு அல்ல. தானே வைத்த அடமானத்தைத் தானே மீட்பது கழிவாகாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் கழித்துக்கொண்ட வீட்டுக்கடன் வட்டியை வாங்கிய விலையில் ஏற்றுவதையும் 2023 நிதிச் சட்டம் அடைத்துவிட்டது. வாடகைக்கு விட்ட வீடாக இருந்தால் இன்னொன்று: வாடகை வருமானத்தில் 30% கழிவு கொடுப்பதே பழுதுபார்ப்பையும் சேர்த்துத்தான், அதை மறுபடி இங்கே கேட்க முடியாது.

விற்ற ஆதாயம் முழுவதையும் 54-வது பிரிவின்படி வேறு வீட்டில் போடப் போகிறீர்களானால் ஆதாயத்துக்கு வரியே வராது, அதனால் இந்தக் கழிவால் வரியில் ஒரு பைசா மிச்சமில்லை. மறுமுதலீடு செய்ய வேண்டிய தொகைதான் கொஞ்சம் குறையும். 23.34 லட்சத்தை 54இசி பத்திரத்தில் (இந்த வரிவிலக்குக்கென உள்ள கடன்பத்திரம்) ஆறு மாதத்துக்குள் போட்டாலும் அப்படியே. அதில் 50 லட்சம் வரை இடமுண்டு, பணம் ஐந்தாண்டு முடங்கும்.

சோபா, ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் வீட்டோடு கொடுப்பதாக இருந்தால் தனி ரசீது போடுங்கள். சொந்த உபயோக மரச்சாமான் மூலதனச் சொத்து அல்ல, அதன் விலைக்கு ஆதாய வரி வராது. அதையே சாக்காக வைத்து வீட்டு விலையில் பத்து லட்சத்தைச் சோபா மேல் ஏற்ற வேண்டாம். பத்திரத்தில் காட்டும் விலையைவிட அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 10%-க்கு மேல் கூடினால் 50சி பிரிவு வந்து அந்த மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்ளும்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். உங்கள் பெயர், ஃபிளாட் முகவரி, வேலையின் விவரம், தேதி நான்கும் வேண்டும். 'இன்டீரியர் வேலை – 2,40,000' என்று ஒரே வரியில் வந்த பில் குப்பைக்குத்தான். கழிக்க முடியாதது கழிக்கக் கூடியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். டோக்கன் அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, 269எஸ்எஸ் பிரிவில் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகலாம். ரிட்டனில் மூலதன ஆதாய அட்டவணையில் மேம்பாட்டுக்கு ஒரு கட்டம், கைமாற்றச் செலவுக்கு ஒரு கட்டம் தனித்தனியாக இருக்கிறது, மாற்றிப் போட்டால் குறியீட்டுக் கணக்கு தவறும். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் வாங்குபவர் விலையில் 1% வரியை முன்பே (டிடிஎஸ்) பிடித்து 26க்யூபி படிவத்தில் கட்ட வேண்டும். அப்படிப் பிடித்ததற்கான 16பி சான்றிதழை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது என்பதால் மிச்ச வரியை ரிட்டனோடு கட்டலாம். பதிவு 1-4-2026-க்கு அப்பால் தள்ளிப்போனால் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிடும், பிரிவு எண்கள் மாறும். விற்ற ஆண்டின் குறியீட்டு எண்ணும் புதிதாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் செலவு செய்யலாமா என்றால், வரியை மறந்துவிட்டு விலையை மட்டும் வைத்து முடிவெடுங்கள். என் வரிசை இது: முதலில் கசிவு, பிறகு சுத்தம், விளக்கு, போட்டோ. பெயிண்டை ஹாலுக்கும் முன்வாசலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கசிவை நிறுத்தாமல் மேலே பட்டி போட்டுப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, வண்ணம் கொப்புளித்துச் செதில் செதிலாக உதிரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது சீக்கிரமே நடக்கும், வாங்க வருபவர் மறைத்ததாகத்தான் நினைப்பார். சுவர் நன்றாக உலர்ந்த பிறகே பட்டி, பிரைமர், இரண்டு கோட். வாடகைச் சோபாவை நான் வெட்டிவிடுவேன். நம் ஊரில் வீடு பார்க்க வருபவர் சோபாவில் உட்காருவதற்குள் தண்ணீர் எப்படி, கார் நிறுத்த இடம் உண்டா, தாய்ப்பத்திரம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். அந்த 40,000-இல் ஒரு பகுதியை வழக்கறிஞருக்குக் கொடுத்து வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், சொத்துவரி ரசீது, கட்டட நிறைவுச் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பாகத் தயார் செய்து மேசை மேல் வையுங்கள். அந்தக் கட்டணம் முதல் பெட்டியில் மறுபேச்சில்லாமல் கழியும்.