கேனனா, நிக்கோனா: உங்கள் பழைய லென்ஸைப் பார்த்து முடிவெடுங்கள்

தம்பி, புதுக் கேனன் 1500டி கேமரா வாங்குவதா, பாவித்த நிக்கோன் டி3500 கேமரா வாங்குவதா, மாமா தந்த பழைய நிக்கோன் 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸ் பொருந்தும், ஆனால் டி3500 கேமரா உடலுக்குள் லென்ஸைத் தானாகத் திருப்பிப் படத்தைத் தெளிவாக்கும் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அந்த லென்ஸிலும் இல்லை, அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் வளையத்தைத் திருப்ப வேண்டும். நம்ம திருகோணமலைக் கோட்டைக்குள் அசையாமல் நிற்கிற மானுக்குச் சரி, தேரோட்டத்தில் திண்டாடுவீர்கள்.

இரண்டும் 24 மெகாபிக்சல்தான், அதில் மண்டையை உடைக்காதீர்கள். நான் என்றால் நிக்கோன் பக்கம்: விநாடிக்கு 5 படம் எடுக்கும், கேனன் 3தான். பட்டரியும் ஒரு சார்ஜில் 1550 படம் வரை தாங்கும் என்பது கணக்கு, கேனனுக்கு 500.

பாவித்ததை வாங்கும்போது லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்க்காமல் ஒன்றை வாங்கி, உள்ளே சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை, காசு போச்சு! நம்ம ஊர் ஈரக் காற்றில் அது சும்மாவே வரும், காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் உப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்புறம் உள்ளே வையுங்கள்.