வேலிக்காத்தானை வெட்டினால் போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியை ஒட்டிய கரட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலிக்காத்தான் வெட்டுகிறோம். போன வருஷம் வெட்டிய இடத்திலேயே இப்போது முன்பைவிடப் புதராக நிற்கிறது. பசங்க வெறுத்துவிட்டார்கள். எங்கே தப்பு?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: வெட்டியதுதான் தப்பு! நானும் இதைச் செய்திருக்கிறேன், முழங்கால் உயரத்தில் அறுத்துவிட்டுப் பெருமையாகப் போட்டோ எடுத்துக்கொண்டோம், ஒரு மழை பெய்ததும் ஒரு கொம்பு இருந்த இடத்தில் ஏழெட்டு கிளம்பிவிட்டது. வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேலம், துளிர்ப்பது தண்டிலிருந்து மட்டுமில்லை, மண்ணுக்கு அடியில் வேரும் தண்டும் சேர்கிற கழுத்திலிருந்தும்தான். அந்தக் கழுத்துக்குக் கீழே, குறைந்தது ஒரு முழமாவது தோண்டி வேரை அறுத்தெடுக்க வேண்டும். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது கடப்பாரையோடு போங்கள், கோடையில் போனால் இடுப்புதான் போகும். காய் பழுத்து உதிர்வதற்குள் முடிப்பது நல்லது. ஆடு மாடு காயைத் தின்று போடும் சாணத்திலும் புழுக்கையிலும் விதை சாகாமல் வந்து முளைக்கும்.

அப்புறம், நம் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போல இடுங்கி இடுங்கி இருக்கும். சீமையின் பூ நீளக் கதிர். ஏரிக்கரை மேல் நிற்பதை மட்டும் நீங்களாகத் தோண்ட வேண்டாம், கரை இளகிவிடும். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அங்கே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கரடு காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

பத்துப் பேருக்கு மொத்தக் கரடும் பேராசை. கால் ஏக்கரை எடுத்துக்கொண்டு அதையே மூன்று நான்கு வருஷம் விடாமல் பாருங்கள். விதையிலிருந்து வரும் கன்றை மழைக்காலத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம், ஆனால் முள் கையுறை தாண்டி ஏறும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

கேள்வி: வேலிக்காத்தானை எடுக்கப் போனால் ஆடு மேய்க்கிறவர்கள் எங்களோடு சண்டைக்கு வருகிறார்கள். என்ன சொல்வது?
– இன்னொரு வாசகர், குடியாத்தம்

பதில்: எதுவும் சொல்லாதீர்கள், முதலில் கேளுங்கள். 1870களில் இந்தியாவுக்கு வந்த மரம் இது, விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்றுதான் பரப்பினார்கள். இன்றைக்கும் கோடையில் புல் கருகும்போது ஆட்டுக்கு அந்தக் காய்தான் தீனி, பல வீடுகளில் அடுப்புக்கும் அதுதான் விறகு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எடுத்த கட்டையை அவர்களுக்கே கொடுங்கள், பாதியை இந்த வருஷமும் மீதியை அடுத்த வருஷமும் எடுங்கள். காலியான இடத்தைச் சும்மா விட்டால் பார்த்தீனியக் களை வந்து குந்திக்கொள்ளும், அதனால் உடனே வன்னி, வேம்பு நடுங்கள், இடையில் ஆவாரை விதையைத் தூவுங்கள். ஆவாரையை ஆடு மேயாது, கன்றுகளுக்குத்தான் கொஞ்ச காலம் காவல் வேண்டும். அதற்கும் அந்த மேய்ப்பர்களையே கேட்டுப் பாருங்கள், எந்த ஆடு எங்கே தாண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.