மங்குஸ்தான் நடப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மங்குஸ்தானைப் பற்றியே கேட்கின்றன. நீலகிரி அடிவாரத்தில் கல்லாறு, பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும் குற்றாலத்திலும் நெடுங்காலமாகக் காய்த்துவரும் மரம்தான் இது. வீட்டுத் தோட்டத்தில் நட்டவர்களுக்கோ அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுவே. அதற்குப் பெரும்பாலும் வேர்தான் காரணம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

விதைக் கன்று நடலாமா, ஒட்டுக் கன்று நடலாமா? விதைக் கன்றில் ஆண் மரம் வந்துவிடும் என்கிறார்களே? (குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்)

ஆண் மரம் என்ற பயம் ரம்புட்டானுக்குப் பொருந்தும். விதை போட்டு வளர்த்த ரம்புட்டானில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். மங்குஸ்தானில் அந்தக் கவலையே இல்லை. மகரந்தச் சேர்க்கை நடக்காமலேயே தாய்மரத்தின் திசுவிலிருந்து இதன் விதை உருவாகிறது. அதனால் விதைக் கன்று தாயை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கும். ஒற்றை மரம் நட்டாலும் காய்க்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காலமும் மரத்தின் அளவும்தான். விதைக் கன்று காய்ப்புக்கு வர 7 முதல் 10 ஆண்டுகள் ஆகும். பராமரிப்பு குறைந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒட்டுக் கன்று 4 முதல் 6 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். ஆனால் மரம் சிறிதாகவே நிற்கும், காய்களின் எண்ணிக்கையும் குறைவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒட்டுக்குச்சியைப் பக்கக் கிளையிலிருந்து எடுத்திருந்தால் கன்று மேலே எழும்பாமல் பக்கவாட்டில் படர்ந்துகொண்டே போகும். உச்சிக் கொழுந்திலிருந்து எடுத்த குச்சி நேராக வளரும். நர்சரியில் வாங்கும்போது ஒட்டுக்கு மேலே உள்ள தண்டு நேராக நிற்கிறதா, இலை ஜோடிகள் நான்கு பக்கமும் மாறி மாறி வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே தளத்தில் விசிறிபோல விரிந்திருந்தால் வாங்க வேண்டாம்.

எங்கள் கருத்து இதுதான்: மரத்துக்கு மரம் 8 முதல் 10 மீட்டர் இடைவெளி விட இடம் இருந்தால் விதைக் கன்றே நடுங்கள். குலசேகரம் பக்கம் மழையும் மண்ணும் அதற்கு ஏற்றவை.

நீங்களே விதை போடுவதாக இருந்தால், ஒரு பழத்தில் முழுதாகத் திரண்ட விதை ஒன்றிரண்டுதான் கிடைக்கும். அதுவும் பெரிய சுளையில்தான் இருக்கும். ஒரு கிராமுக்கு மேல் எடை உள்ளதை மட்டும் எடுங்கள். சதையைக் கழுவி, வெயிலில் காயவிடாமல், அன்றே விதைத்துவிட வேண்டும். காய்ந்த விதை சில நாட்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். உடனே விதைக்க முடியாவிட்டால் பழத்தை உடைக்காமல் அப்படியே வைத்திருங்கள். குறைந்தது ஓரடி உயரமுள்ள பையில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், படுக்கை வாட்டில் வையுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் முளைவிடும். ஒரே விதையிலிருந்து இரண்டு முளைகள் வந்தால் திடமானதை விட்டு மற்றதை நறுக்கிவிடுங்கள். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் நல்ல முளையின் வேரும் ஆடிவிடும்.

இரண்டு வயதுக் கன்று வாங்கி நட்டு ஆறு மாதம் ஆகிறது. ஓர் இலைகூட விடவில்லை. இருக்கிற இலைகளின் ஓரமும் கருகுகிறது. உரம் போட்டும் பயனில்லை. கன்று செத்துவிட்டதா? (தென்காசி)

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். உச்சியில் உள்ள கடைசி இலை ஜோடியின் காம்புகள் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். மங்குஸ்தானின் நுனி மொட்டு வெளியே தெரியாது. அந்த இரண்டு காம்புகளின் அடியிலுள்ள குழிக்குள் ஒளிந்திருக்கும். அந்த இடம் பச்சையாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் கன்று உயிரோடு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தண்டில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். மஞ்சள் பால் கசிந்தால் கவலை வேண்டாம். பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அது போய்விட்டது.

உயிர் இருந்தும் வளராததற்குக் காரணம், நடும்போது வேர் அறுந்ததாகவே இருக்க வேண்டும். மங்குஸ்தான் ஆணிவேரை ஆழமாக விடும். பக்க வேர்களோ மிகக் குறைவு. மற்ற செடிகளின் வேரில் நீரை உறிஞ்சும் மெல்லிய தூவிகள் இருக்கும். இதில் அவையும் இல்லை. ஆணிவேரின் நுனி ஒரு முறை அறுந்தால் ஈடுசெய்ய வேறு வேர் கிடையாது. நர்சரியில் பை நெடுநாள் தரையில் இருந்தால் ஆணிவேர் பையைத் துளைத்து மண்ணுக்குள் இறங்கிவிடும். விற்கும்போது பையை இழுத்தெடுக்க, வேர் அங்கேயே அறுந்துவிடும். வாங்கும்போதே பையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புதிதாக அறுந்த வேர் முனை தெரிந்தால், எவ்வளவு செழிப்பான கன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை: உரத்தை உடனே நிறுத்துங்கள். வேர் இல்லாத கன்றுக்கு ரசாயன உரம் போட்டால் இலையோரம் இன்னும் கருகும். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மேற்குப் பக்கம் வலையைத் தரைவரை இறக்கிவிடுங்கள். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, அரையடி உயரத்துக்குக் காய்ந்த இலை, தென்னைநார்க் கழிவு என்று மூடாக்குப் போடுங்கள். மூடாக்கை விலக்கி விரலை விட்டால் மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. பிறகு காத்திருக்க வேண்டியதுதான். புதுத் தளிர் வந்து, அது முற்றிக் கரும்பச்சையான பிறகு, 2 கிலோ மட்கிய தொழுஉரம் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ள கன்றே முதல் இரண்டு ஆண்டுகளில் ஓரடி, ஒன்றரையடிதான் வளரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்த கன்று நடுவதாக இருந்தால், 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணுடன் 15 கிலோ மட்கிய தொழுஉரமும் 1 கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஒரு மாதம் ஆறவிடுங்கள். குழி நிரவிய மண் பிறகு அமுங்கும் என்பதால் நடும் இடம் தரையைவிட ஒரு சாண் மேடாக இருக்கட்டும். உங்கள் பகுதியில் ஜூன் சாரல் தொடங்கியதும் நடுங்கள். பையைக் கிழிக்கும்போது அடியை முதலில் வட்டமாக அறுத்தெடுத்துவிட்டு, பையோடு குழியில் இறக்கி, பக்கவாட்டில் கீறிப் பையை உருவிவிடுங்கள். மண்கட்டி உடையவே கூடாது. மேற்குப் பக்கம் 5 அடி தள்ளி இரண்டு வாழை வைத்தால் நிழலும் ஈரக்காற்றும் கிடைக்கும். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிட வேண்டும்.

தஞ்சாவூரில் ஆழ்குழாய்த் தண்ணீர் வைத்து வளர்க்கலாமா? (தஞ்சாவூர்)

பரிந்துரைக்க மாட்டோம். 38 டிகிரிக்கு மேல் அனல்காற்று வீசினால் இளங்கன்று கருகிவிடும். தண்ணீரில் உப்பு இருந்தாலும், மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் இந்த மரம் தாங்காது. லேசான அமிலத் தன்மையுள்ள மண்தான் வேண்டும். நிழல்வலைக்குள் சில ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கலாம், காய்ப்பது அரிது. அதே இடத்தில் சப்போட்டாவோ மாவோ நட்டால் உங்கள் உழைப்பு வீணாகாது.

மொட்டைமாடியில் தொட்டியில் வைக்கலாமா? (கோவை)

வேண்டாம். ஆணிவேர் தொட்டியின் அடியைத் தொட்டதும் வளர்ச்சி நின்றுவிடும்.

மரத்துக்கு 12 வயது. பச்சைப் பசேலென்று இருக்கிறது, பூப்பதில்லை. (குன்னூர் மலையடிவாரம்)

பசேலென்று இருப்பதே காரணமாக இருக்கலாம். மங்குஸ்தான், முற்றிய கொழுந்தின் நுனியில்தான் பூக்கும். தழைச்சத்தும் தண்ணீரும் தொடர்ந்து கிடைத்தால் மரம் தளிர்மேல் தளிராக விட்டுக்கொண்டே போகும். பூக்க அதற்கு ஓர் உலர்ந்த இடைவெளி தேவை. கடைசியாக விட்ட தளிர் முற்றிக் கரும்பச்சையானதும், மழை இல்லாத நாட்களாகப் பார்த்து, 15 முதல் 30 நாட்கள் பாசனத்தை நிறுத்துங்கள். இலை துவளத் தொடங்கும் நிலைக்கு விட வேண்டாம். பிறகு ஒரே முறையாக நன்றாக நனையும்படி தண்ணீர் விட்டு, அதன்பின் சீராகப் பாய்ச்சுங்கள். யூரியாவை நிறுத்திவிட்டு, மழை முடிவில் தொழுஉரத்துடன் சாம்பல்சத்து கொடுங்கள். பக்கத்து மரங்களின் நிழல் உச்சியில் விழுகிறதா என்றும் பாருங்கள். இளமையில் நிழல் கேட்ட மரம், காய்க்கும் வயதில் நல்ல வெயில் கேட்கும்.

கவாத்து என்ற பெயரில் கிளைகளை வெட்டாதீர்கள். நுனிகளை வெட்டினால் பூக்கும் இடமே போய்விடும். காய்ந்த குச்சிகளையும், உள்ளே அடர்ந்து நிற்கும் போத்துகளையும் மட்டும் எடுங்கள். நீலகிரிச் சரிவில் ஏப்ரல்–ஜூன், ஜூலை–அக்டோபர் என இரண்டு காய்ப்புகள் உண்டு. ஒரு காய்ப்பு பலமாக வந்தால் அடுத்தது குறைவது இயல்பு.

பழத்தை உடைத்தால் சுளையில் மஞ்சள் பிசின். சில பழங்களில் சுளை வெள்ளையாக இல்லாமல் கண்ணாடிபோல் இருக்கிறது. என்ன நோய்? (களுத்துறை, இலங்கை)

இரண்டும் பூச்சியோ பூஞ்சாணமோ அல்ல. பழத்துக்குள் நீர் திடீரென்று ஏறுவதால் வருபவை. வறண்டு கிடந்த மண்ணில் பெருமழை பெய்தால் பழம் சட்டென்று பருக்கும். தோலுக்குள் இருக்கும் பால் குழாய்கள் அந்த அழுத்தத்தில் வெடித்து, மஞ்சள் பால் சுளைக்குள் கசிகிறது. கசப்பது அந்தப் பால்தான். சுளைக்குள் நீர் கோத்துக்கொண்டால் அது கண்ணாடியாகி, மொறுமொறுவென்று ஆகிவிடும்.

களுத்துறையில் மழையை நிறுத்த முடியாது. மழைக்கு முன்னால் மண் காயாமல் பார்த்துக்கொள்ள முடியும். காய் பிடித்தது முதல் மழையில்லாத வாரங்களிலும் பாசனம் தொடரட்டும். மூடாக்குக் குறையக் கூடாது. மரத்தடியில் நீர் தேங்காதபடி வடிகால் வெட்டுங்கள். சுண்ணாம்புச்சத்துக் குறைந்தால் குழாய்ச் சுவர்கள் பலவீனமாகும். அதனால் பூக்கும் முன் ஒரு மரத்துக்கு 2 கிலோ ஜிப்சத்தைக் கிளைவிரிவின் அடியில் தூவிக் கிளறிவிடுங்கள். ஜிப்சம் மண்ணின் அமிலத் தன்மையைக் கெடுக்காது.

விற்பதற்கு முன் பிரித்தெடுக்க ஒரு வழி உண்டு. வாளித் தண்ணீரில் போடுங்கள். நல்ல பழம் மிதக்கும். நீர் கோத்தது முழுகும்.

எப்போது பறிப்பது? கீழே விழுந்த பழங்கள் கல்லாகிவிடுகின்றனவே? (பேச்சிப்பாறை)

பூத்து 100 முதல் 120 நாட்களில் தயாராகும். இளம் மஞ்சள் தோலில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றிய பிறகே பறிக்க வேண்டும். அதற்கு முன் பறித்தது சரியாகப் பழுக்காது. தோல் முழுக்கச் சிவந்ததும் பறித்தால் சில நாட்களில் கருநீலமாகி உண்ணத் தயாராகும்.

ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலே அடிபட்ட இடத்தில் தோல் இறுகிவிடும். நாளாக ஆகக் கத்திக்கே வேலை வைக்கும். அதனால் உலுக்கிப் பறிக்கக் கூடாது. துரட்டியின் முனையில் துணிப்பை கட்டிக் காம்போடு அறுத்தெடுங்கள். கூடையில் இரண்டு அடுக்குக்கு மேல் அடுக்காதீர்கள். உடைக்கும் முன், காம்புக்கு எதிர்ப்பக்கம் அடியில் பூப்போல இருக்கும் மடல்களை எண்ணுங்கள். மடல் எத்தனையோ, உள்ளே சுளையும் அத்தனை. சுளை அதிகமுள்ள பழத்தில் சுளைகள் சிறியவை, திரண்ட விதையும் குறைவாக இருக்கும், சாப்பிட ஏற்றது. கத்தியைத் தோலின் நடுவில் வட்டமாக ஓட்டி, அரை சென்டிமீட்டருக்கு மேல் இறக்காமல் திருகித் திறந்தால் சுளை சிதையாது. தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது.