“கஞ்சா போதையில் செய்துவிட்டான்” என்று மனுவில் எழுதலாமா?

கேள்வி: பாலக்கோடு அருகே தக்காளி விவசாயம் செய்கிறேன். என் மகனுக்கு 19 வயது. ஓசூரில் அறை எடுத்துத் தங்கி டிப்ளமோ படிக்கிறான். சிப்காட்டில் வேலை முடிந்து இரவில் நடந்து வந்த ஒருவரின் செல்போனை, இரண்டு நண்பர்களோடு பைக்கில் போய்ப் பறித்ததாகப் போன மாதம் கைது செய்தார்கள். சட்டைப் பையில் 120 கிராம் கஞ்சா இருந்ததாகத் தனி வழக்கும் போட்டார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான். காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. உடன் சிக்கிய 17 வயதுப் பையன்தான் அவனைக் கெடுத்தான். காவல் நிலையத்தில் அடித்தும் இருக்கிறார்கள். போதையில் தன்னை அறியாமல் செய்துவிட்டான் என்று ஆட்சியருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், நகல் இணைத்துள்ளேன். இதையே நீதிமன்றத்தில் சொன்னால் விட்டுவிடுவார்களா?

பதில்: விட மாட்டார்கள். உங்கள் நான்கு பக்க மனுவில் சட்டத்தின் கண்ணில் படுவது மூன்றாம் பக்கத்தில் இருக்கும் ஒரே வரிதான்: “அன்றைக்குப் பொட்டலம் வாங்கக் கையில் காசில்லாததால் புத்தி கெட்டுப்போய் இப்படிச் செய்துவிட்டான்.” இரக்கம் வேண்டி நீங்கள் எழுதிய இந்த வரியில், பறித்தது உங்கள் மகன்தான் என்பதும் எதற்காகப் பறித்தான் என்பதும் சேர்ந்தே வந்துவிட்டன. அரசுத் தரப்பு சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியதை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

நண்பர்கள் கெடுத்தது, கல்லூரி கண்டுகொள்ளாதது, ஊரார் பேச்சு ஆகியவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு வழக்குகளிலும் அவற்றுக்கு இடமில்லை. அடித்ததைப் பொறுத்தவரை, ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட்டிடம் அவன் என்ன சொன்னான், மருத்துவச் சான்றில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். அதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போதை ஒரு காரணம்தானே என்று நீங்கள் நினைப்பது இயல்பு. சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஒருவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருள் கொடுக்கப்பட்டு, தான் செய்வது இன்னதென்றே அறியாத நிலையில் அவர் செய்ததை மட்டுமே, இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு மன்னிக்கிறது. தானாகப் புகைத்தவனை, போதையே இல்லாதவனுக்கு இருந்திருக்கும் அதே அறிவோடு செய்தவனாகக் கருதச் சொல்கிறது 24ஆம் பிரிவு. பழைய இ.பி.கோ.வின் 85, 86 பிரிவுகளும் இதையேதான் சொல்லின. பைக்கின் பின்னால் உட்கார்ந்து, குறிபார்த்துப் போனைப் பறித்து, அடுத்த தெருவில் சிம் கார்டைக் கழற்றி எறிந்தான் என்று எஃப்.ஐ.ஆர். சொல்லும்போது, தன்னை அறியாமல் செய்தான் என்பதை எந்த நீதிபதி ஏற்பார்?

மனு சாட்சியம் ஆகிவிடாதுதான். ஆனால் அதைப் படித்த விசாரணை அதிகாரி உங்களை அழைத்து வாக்குமூலம் வாங்கவும், குற்றப்பத்திரிகையில் உங்களையே அரசுத் தரப்புச் சாட்சியாகச் சேர்க்கவும் தடை ஏதுமில்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுத்த மனுவின் வரியைத் தந்தையின் முன்னால் வாசித்துக் காட்டி, “இது உங்கள் கையெழுத்துதானே?” என்று கேட்கப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூண்டில் நின்ற அந்த மனிதர் மகனைப் பார்த்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

அந்த 17 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருப்பது இதைவிட ஆபத்து. “அவன்தான் பொட்டலம் வாங்கி வந்து கொடுப்பான்” என்கிறீர்கள். யார் காசில், யார் சொல்லி வாங்கி வந்தான் என்பதே அடுத்த கேள்வி. 18 வயது நிறையாதவரைப் போதைப்பொருள் கொண்டுவரப் பயன்படுத்துவது இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 78ஆம் பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவலுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். அந்தப் பையன் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போவான். 19 வயதான உங்கள் மகன்மேல் புதிய பிரிவு ஏறும். அந்தப் பத்தியை முழுவதும் அடித்துவிடுங்கள்.

பிள்ளைக்குப் பழக்கம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது கஞ்சா வழக்கு. போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு கிலோ வரை கஞ்சா ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டி 20 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் பத்தாண்டு வரை போகும். சிறிய அளவோடு சிக்கிய, போதைக்கு அடிமையானவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு அந்த வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. பாதியில் நிறுத்தினால் விலக்கு பறிபோகலாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதல் சீட்டைப் போடுங்கள். பலகை மட்டும் மாட்டிய ‘மறுவாழ்வு இல்லங்களில்’ மாதக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, நீதிமன்றத்தில் செல்லாத சான்றிதழோடு வந்து நின்ற குடும்பங்கள் பல. 64ஏ மனுவிலும் பழக்கம், சிகிச்சை இரண்டு மட்டுமே இருக்கட்டும். போன், காசு, அந்த இரவு எதுவும் வரக் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. கஞ்சா வழக்கில் நீதிமன்ற வளாகத்தில் யாராவது ஒருவர், “ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடுங்கள், இன்றைக்கே முடிந்துவிடும்” என்பார். முடிந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. மறுபடி சிக்கினால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி அதிகபட்ச தண்டனை ஒன்றரை மடங்காகும். மாநிலத்தின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடக்கம் என்பதால், வழக்குகள் சேரச் சேர ஓராண்டு தடுப்புக் காவலும் தலைக்கு மேல் தொங்கும்.

போன் பறிப்பு வழக்கில் சமரசம்தான் என் யோசனை. இப்போது போட்டிருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கான 304ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை. பறிகொடுத்தவர் கீழே விழுந்து கையில் சிராய்ப்பு என்று நீங்களே எழுதுகிறீர்கள். மிரட்டியோ காயப்படுத்தியோ பறித்தார்கள் என்று கூடுதல் வாக்குமூலம் வந்தால், வழிப்பறிப் பிரிவு 309க்கு மாறும். நெடுஞ்சாலையில் இரவில் நடந்தது என்றால் பதினான்காண்டு வரை. ஆகவே காலம் கடத்தாதீர்கள். ஆனால் நீங்களோ உறவினர்களோ அவர் அறைக்குப் போய் நிற்கக் கூடாது. சாட்சியை மிரட்டினார்கள் என்று ஜாமீன் ரத்தாகிவிடும். வழக்கறிஞர் மூலம் பேசி, போனுக்கும் சிகிச்சைக்கும் உரிய தொகையைக் கொடுங்கள். மாஜிஸ்திரேட் முன்பு சமரசமாகும் பட்டியலில் சாதாரணத் திருட்டு உண்டு, பறிப்பு இல்லை. எனவே இருவரும் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரங்களோடு சென்னை உயர் நீதிமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின்கீழ் வழக்கை ரத்து செய்யக் கோர வேண்டும்.

“செலவெதற்கு, அவரைப் பிறழ்சாட்சி ஆக்கிவிடலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)யின்படி, புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். வழக்கு எப்படி முடிந்தாலும் விண்ணப்பத்தில் அதை மறைக்கவும் கூடாது. மறைத்ததற்காகவே வேலையிலிருந்து நீக்கலாம் என்பதற்கு 2016இல் உச்ச நீதிமன்றம் அளித்த அவதார் சிங் தீர்ப்பு இருக்கிறது. காவலர் வேலை இனிக் கடினம் என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மனுவை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதன் நகலோடு முதலில் உங்கள் வழக்கறிஞரைப் பாருங்கள். காவல் நிலையத்திலிருந்து உங்களை அழைக்கும் முன்பே அவர் அதைப் படித்திருக்க வேண்டும்.