மழை ரோட்ல வழுக்குற கம்பெனி டயர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகர்): அண்ணே வணக்கம். ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் வச்சிருக்கேன், டர்போ இன்ஜின், பின்வீல் ட்ரைவ், 18 இன்ச் வீல், கம்பெனியிலேந்து வந்த டயர்தான் இன்னும் ஓடுது, 31,000 கிலோமீட்டர் ஆச்சு. காஞ்ச ரோட்ல ஒட்டிக்கிட்டு போகுது, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா மழை பெஞ்சா வேற வண்டி மாதிரி ஆயிடுது. ஹிகின்சன் ஹைவேயில ஏறும்போது லேசா ஆக்சிலரேட்டர மிதிச்சாலே பின்பக்கம் வாலாட்டுது, டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு மினுக்குது, ரோபோல (சிக்னல்ல) பச்சை விழுந்து கிளம்பினா வீல் இருந்த எடத்துலயே சுத்துது. டீலர்கிட்ட காட்டினா பட்டன் (டயர் கோட்டோட ஆழம்) இன்னும் இருக்கு, ஒண்ணும் பயமில்லன்னு அனுப்பிட்டாங்க. பின்னாடி சீட்ல ரெண்டு புள்ளைங்க உக்காந்து வருதுங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, அந்த மஞ்ச லைட்ட சாதாரணமா எடுத்துக்காதீங்க. டயருக்குப் பிடி விட்டுப்போச்சு, நான் பிரேக்கப் போட்டு பவரக் கொறச்சு சமாளிச்சுக்கிட்டிருக்கேன்னு வண்டி சொல்றதுதான் அது. எப்பவாச்சும் ஒரு தடவ வந்தா சரி, மழைன்னாலே வருதுன்னா பிடி ரொம்பக் கொறஞ்சுபோச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல அந்த எலக்ட்ரானிக்ஸால ஒண்ணும் செய்ய முடியாது, இல்லாத பிடிய அதால உண்டாக்க முடியாது.

கம்பெனி டயர் ஏன் இப்படின்னு கேட்டா, அது மட்டமான டயர்னு அர்த்தமில்ல. வண்டிக் கம்பெனி டயர் எடுக்கும்போது பெட்ரோல் செலவு, சத்தம், எடை, காஞ்ச ரோட்ல ஸ்டீயரிங் எப்படி இருக்கணும், என்ன விலை, இத்தனையும் பாத்து ஒரு சமரசத்துக்கு வருவாங்க. இதுல ஒண்ணு ஏறினா இன்னொண்ணு எறங்கும், அப்படி எறங்கிப்போறது பல சமயம் மழைப் பிடியாத்தான் இருக்கும். உங்க டயரோட பக்கச் சுவர்ல பாருங்க, அந்த வண்டிக்குன்னே செஞ்சதுன்னா ஒரு குறி இருக்கும், பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ., ஆடிக்கு ஏ.ஓ. அதே பேர்ல கடையில விக்கிற டயருக்கும் இந்தக் குறி போட்ட டயருக்கும் உள்ள ரப்பர் கலவை வேறயா இருக்கலாம், அதனால பத்திரிகையில வந்த டெஸ்ட்ல இந்த டயர் மழையில நல்லா நின்னுச்சேன்னு நம்பிட முடியாது.

ஆனா உங்க கடிதத்தப் படிச்சதும் எனக்கு முதல்ல சந்தேகம் வர்றது டயரோட உள்பக்க ஓரம். இந்த மாதிரி வண்டிகள்ல பின்சக்கரம் நேரா நிக்காது, மேல்பக்கம் கொஞ்சம் உள்ள சாஞ்சிருக்கும், வளைவுல நல்லா திரும்பணும்னு அப்படி வச்சிருக்காங்க, அதனால டயரோட உள் ஓரம் சீக்கிரம் தேயும். நின்னுக்கிட்டே பாத்தா வெளி ஓரமும் நடுவும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், அங்க 4 மில்லிமீட்டர் இருக்கும், நல்லா இருக்கேன்னு தோணும். நீங்க வண்டிய சமமான எடத்துல நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, டயர் ஆறினதும் தரையில குனிஞ்சு கைய பின்னாடி விட்டு உள் ஓரத்தத் தடவிப் பாருங்க. வெளிப்பக்கம் கோடெல்லாம் வெரல்ல தட்டுப்படும், உள்பக்கம் வந்ததும் வழவழன்னு இருந்துச்சுன்னா அங்க தண்ணி வெளிய போக வழியே இல்லன்னு அர்த்தம். ஒரு பக்கமா தடவினா மெத்துன்னும் எதிர்ப்பக்கமா தடவினா ரம்பம் மாதிரி கீறினா அலைன்மென்ட்டும் கெட்டிருக்கு. கம்பி துருத்திக்கிட்டிருந்தா கைய எடுங்க, அந்த டயர்ல அன்னிக்கே வண்டி ஓட்டக்கூடாது.

நம்ம தென்னாப்பிரிக்கச் சட்டம் 1 மில்லிமீட்டர் பட்டன் இருக்கணும்னு சொல்லுது, கோட்டுக்குள்ள இருக்கிற அடையாளக் கட்டைய ரப்பர் தொட்டாலும் டயர் செல்லாது, அந்தக் கட்ட பொதுவா 1.6 மில்லிமீட்டர் ஒசரம் இருக்கும். புது டயர்ல 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். அந்தக் கட்டைக்குக் கொஞ்சம் மேல இருந்தா சட்டத்துக்குப் போதும், டர்பன் மழைக்குப் போதாது, என்னக் கேட்டா 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாத்திடுங்கன்னுதான் சொல்வேன். பட்டன் அளக்கிற சின்ன கேஜ் ரொம்ப மலிவு, அத வாங்கி உள் ஓரம், நடு, வெளி ஓரம்னு மூணு எடத்துல வச்சுப் பாருங்க, கம்மியா காட்டுறதுதான் உங்க டயரோட உண்மையான அளவு. டீலர் எந்த எடத்துல பாத்தாங்கன்னும் கேளுங்க.

வயசும் பாக்கணும். பக்கச் சுவர்ல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற வரிசையில கடைசி 4 எண்ணப் பாருங்க, 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. நம்ம ஊரு வெயில்லயும் சூட்டுலயும் ரப்பர் இறுகிக்கிட்டே போகும், இறுகின ரப்பர் ஈரத் தாரோட சொரசொரப்புக்குள்ள எறங்கிப் பிடிக்காது, பட்டன் எத்தன இருந்தும் பிரயோஜனம் இல்ல.

புதுசு வாங்கும்போது பிராண்ட் பேர மட்டும் பாத்து வாங்காதீங்க. ஐரோப்பாவுல ஒவ்வொரு டயருக்கும் ஈர ரோட்டுப் பிடிக்கு ஏலேந்து இ வரைக்கும் கிரேடு கட்டாயம், அதே மாடல் அதே சைஸுக்கு என்ன கிரேடுன்னு கம்பெனியோட ஐரோப்பிய வெப்சைட்ல பாத்துக்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர்லேந்து பிரேக் அடிச்சா ஒரு கிரேடுக்கும் அடுத்ததுக்கும் சுமார் 3லேந்து 6 மீட்டர் வித்தியாசம் வரும், அதாவது ஒரு கார் நீளம். ஆனா ஒண்ணு, அந்த கிரேடு புது டயர நேரா பிரேக் அடிச்சுப் பாக்குற சோதனை, வளைவுலயும் தேங்கின தண்ணியிலயும் எப்படி நிக்கும்னு அது சொல்லாது, அதுக்கு மழை டெஸ்ட் முடிவுகளயும் சேத்துப் படிக்கணும். மழையில நல்லா பிடிக்கிற டயர்கள்ல சிலிக்கா அதிகமா கலந்திருப்பாங்க, 1990கள்லேந்து டயர் தொழில்ல வந்த பெரிய மாற்றம் அதுதான். லோட் இண்டெக்ஸும் (டயர் தாங்குற எடை) ஸ்பீட் ரேட்டிங்கும் (தாங்குற வேகம்) கம்பெனி சொன்னதவிடக் கொறையக்கூடாது, இன்ஷூரன்ஸ்காரங்க அதையும் பாப்பாங்க. ரன்ஃப்ளாட்டா (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடுற டயர்) இருந்து சாதா டயருக்கு மாறினீங்கன்னா டிக்கியில ஸ்டெப்னி கிடையாதுங்கிறதயும் மனசுல வச்சுக்கோங்க.

டயர் மாத்துற வரைக்கும் மழையில ஸ்போர்ட் மோட் வேண்டாம், வீல் சுத்தாம பாத்துக்குற ட்ராக்ஷன் கன்ட்ரோல அணைக்கவே அணைக்காதீங்க, டர்போ ஏறும்போது திடீர்னு தள்ளுறதுதான் வீலச் சுத்த வைக்குது, கால மெதுவா அழுத்துங்க. முக்கியமா புரட்டாசி சமயத்து மொத மழை. இங்க அதுக்கு முன்னாடி குளிர்காலத்துல மழை கொறவா இருக்கிறதால ரோட்ல எண்ணெயும் ரப்பர் தூளும் படிஞ்சு கெடக்கும், லேசா தூறினா அது கழுவிப் போகாம ரோட்டு மேலயே கொழகொழன்னு பரவும். அடிச்சு ஊத்துற மழையவிட அந்தத் தூறல்தான் உங்க மாதிரி வண்டிக்கு ஆபத்து.

கேள்வி (லெனேசியா வாசகர்): ரெண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கு. என்னது முன்வீல் ட்ரைவ், புதுச முன்னாடிதானே போடணும்?

பதில்: இல்லங்க, பின்னாடி போடுங்க. முன்பக்கம் வழுக்கினா வண்டி நேரா போகும், கால எடுத்தா வேகம் கொறஞ்சு திரும்பப் பிடிச்சுக்கும். பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திடும், அத நேராக்குறது பழக்கமில்லாதவங்களால முடியாது. முன்னும் பின்னும் ஒரே சைஸா இருந்தாதான் இது, சாட்ஸ்வொர்த் தம்பி வண்டியில பின்டயர் அகலமா இருந்துச்சுன்னா இடம் மாத்த முடியாது. இன்னொண்ணு, உங்க ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் குளிர்காலத்துல பனி கொட்டுதேன்னு குளிர்கால டயர் தேடி அலைய வேண்டாம், அங்க மழை கோடையிலதான், இடி மழைக்கு நல்ல கோடை டயர்தான் சரி.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகி): என்3 ஹைவேயில டவுன் ஹில்ங்கிற மலைச்சரிவுல எறங்கும்போது பெரிய மழை, ஸ்டீயரிங் திடீர்னு லேசாயிடுச்சு, இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது. ஒரு நிமிஷம் உசுரே போச்சு. டயர் புதுசு வேற. ஏன் அண்ணே?

பதில்: தங்கச்சி, அது டயர் தண்ணி மேல மெதந்தது. ரப்பரோட பிடிக்கும் இதுக்கும் சம்பந்தம் கம்மி, இது வேகம், தண்ணியோட ஆழம், பட்டன், காத்து, டயரோட அகலம் சம்பந்தப்பட்டது, அகலமான டயர் சீக்கிரமே மெதக்கும். அதனாலதான் புது டயர்லயும் நடக்குது. விமான டயர வச்சு 1960கள்ல நாசா போட்ட கணக்குப்படி பாத்தா, 2.2 பார் காத்து இருக்கிற வழுவழு டயர் மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர்ல மெதக்க ஆரம்பிக்கும், 1.6 பார்ல அதுவே 80. கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, பட்டன் இருந்தா இன்னும் தாங்கும், ஆனா காத்து கொறஞ்சா ஆபத்து கிட்ட வருதுங்கிறது உண்மை. மழைக்குன்னு காத்த எறக்கிவிடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. கராஜ்ல (பெட்ரோல் பங்க்ல) பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிப்பான், உங்க கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவச் சொல்லி டயர் சூடேறாதப்ப அடிக்கச் சொல்லுங்க.

லேசாச்சுன்னா பிரேக் அடிக்காதீங்க, ஸ்டீயரிங்க ஆட்டாதீங்க, நேரா பிடிச்சுக்கிட்டு கால மெதுவா எடுங்க, பிடி வந்ததும் கையில தெரியும். க்ரூஸ் கன்ட்ரோல் மழையில வேண்டவே வேண்டாம். அந்த ரோட்ல லாரிங்க ஓடி ஓடி இடது லேன்ல ரெண்டு பள்ளம் விழுந்திருக்குற எடத்துல தண்ணி அதுலதான் தேங்கும், சக்கரம் பள்ளத்துல போகாம கொஞ்சம் விலகி ஓட்டுங்க. 120ன்னு போர்டு இருந்தாலும் அந்த மழையில அது உங்களுக்கான வேகம் இல்ல.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகர்): ரோட்டோரக் கடையில செகண்ட் ஹேண்ட் டயர், பட்டன் ஆழமா இருக்கு, விலை பாதிகூட இல்ல. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தேஞ்ச டயர்ல கத்தியால கோடு வெட்டி ஆழமா காட்டி விக்கிறாங்க. கார் டயர்ல கம்பிக்கு மேல இருக்கிற ரப்பரே கொஞ்சம்தான், அதையும் வெட்டிட்டா வேகத்துல வெடிக்கும். கோட்டோட அடியில பாருங்க, அடையாளக் கட்டைய காணோம், இல்ல கோடு ஓரமெல்லாம் பிசிரா இருக்குன்னா வெட்டினதுதான். அந்தக் காசுல பேர் தெரிஞ்ச கம்பெனியோட சின்ன மாடல் புது டயர் ரெண்டு வாங்கிப் போடுங்க, நம்ம லேடிஸ்மித்துலயே டன்லப் டயர் செய்றாங்க, மீதி ரெண்டு அடுத்த போனஸ்ல பாத்துக்கலாம்.